மூன்று நாள் ஆற்றோடு, அப்புறம் மலை: முதல் சைக்கிள் பயணத்துக்கு ஒரு வழி

சைக்கிளில் பை கட்டிக்கொண்டு நாலைந்து நாள் வெளியூர் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது மலையைத்தான். "கொல்லிமலை ஏறலாமா? திம்பம் போலாமா?" இரண்டும் அழகான பாதைகள், ஆனால் முதல் பயணத்துக்கு ஆகாதவை. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். திம்பத்துக்கு 27தான் என்றாலும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள்ளே, சரக்கு லாரிகள் திரும்ப முடியாமல் திணறும் சாலையில் ஏற வேண்டும்.

நான் சொல்லும் வழி வேறு. மேட்டூரில் காவிரியைப் பிடியுங்கள். பவானி வரை அதோடு போங்கள். இரண்டு ஆறும் சேரும் கூடுதுறையில் பவானி ஆற்றுக்கு மாறி, அதை எதிர்த்து மேற்கே கோபி (கோபிசெட்டிபாளையம்), சத்தி (சத்தியமங்கலம்), பவானிசாகர் என்று மேட்டுப்பாளையம் வரை வாருங்கள். நான்காம் நாள் கோத்தகிரி ஏறுங்கள். ஐந்தாம் நாள் கோடநாடு பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். கோடநாட்டுக்குப் போய் வருவதையும் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 260 கிலோமீட்டர்.

ஆற்றை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சீட்டின் உயரம் சரியில்லை, பை ஒரு பக்கம் இழுக்கிறது, கியர் தாவுகிறது, உள்ளங்கை மரத்துப்போகிறது என்று எல்லாக் குறையும் முதல் இரண்டு நாளில்தான் வெளியே வரும். அது சமதரையில், அஞ்சு கிலோமீட்டருக்கு ஓர் ஊர் இருக்கும் இடத்தில் வந்தால் ஏதாவது ஒரு கடையில் நிறுத்திச் சரிசெய்துகொள்ளலாம். மலையில் பாதி வழியில் வந்தால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மேட்டுப்பாளையம் வந்து சேரும்போது வண்டியும் உங்களுக்குப் பழகியிருக்கும், உடம்பும் வண்டிக்குப் பழகியிருக்கும்.

எப்போது போவது

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். அக்டோபர், நவம்பரில் நீலகிரி மலைப்பாதைகளில் மண்சரிவு வரும். அந்த இரண்டு மாதமும் வேண்டாம்.

காற்றையும் பார்க்க வேண்டும். பவானியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை நாம் மேற்கு நோக்கியே போகிறோம். ஆனி, ஆடியில் கொங்குநாட்டில் மேல்காற்று வீசும். அம்மி பறக்கும் என்று சொல்வார்களே, அந்தக் காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு 60 கிலோமீட்டர் மிதிப்பது மலை ஏறுவதைவிடக் கொடுமை. மார்கழி, தை மாதங்களில் காற்று கிழக்கிலிருந்து வரும், முதுகைத் தள்ளிவிடும்.

ஏப்ரல், மே மாதங்களும் ஆகாது. வெயில் ஒரு பக்கம். கோடை சீசனில் ஊட்டிக்குப் போகும் வண்டிகளைக் குன்னூர் வழியே ஏற்றி, கோத்தகிரி வழியே இறக்கும் ஒருவழி ஏற்பாட்டை அமல்படுத்துவார்கள் என்பது இன்னொரு பக்கம். மலையே இறங்கி வருவதுபோல வண்டிகள் எதிரே வர, நீங்கள் ஏற வேண்டியிருக்கும்.

வண்டி

புதுசு வாங்க வேண்டியதில்லை. கியர் உள்ள சைக்கிள், உங்கள் உயரத்துக்குப் பொருந்தும் சட்டம், 32 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், பின்னால் கேரியர் மாட்ட இடம். இவ்வளவு இருந்தால் கிளம்பலாம். ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள்: முன்னால் இருக்கும் மிகச் சின்னப் பல்சக்கரத்தின் பற்களும், பின்னால் இருக்கும் மிகப் பெரிய பல்சக்கரத்தின் பற்களும். முன்னால் 28 அல்லது 30, பின்னால் 32 அல்லது 34 இருந்தால் சுமையோடு கோத்தகிரி ஏறலாம். ரேஸ் சைக்கிள்களில் முன்பல் பெரிதாக இருக்கும். சுமை இல்லாமல் ஏறிவிடலாம், ஆனால் பை கட்டிக்கொண்டு ஏறினால் முழங்கால் பேசும்.

பிரேக் கட்டைகளைக் கிளம்புவதற்கு முன்பே புதிதாக மாற்றிவிடுங்கள். பாதி தேய்ந்ததுதானே, இன்னும் ஓடும் என்று நினைக்காதீர்கள். நான் முதல் தடவை இறங்கியபோது அப்படித்தான் நினைத்தேன். பாதி மலையில் பின்பிரேக் உலோகத்தோடு உலோகம் உரசும் சத்தம் கேட்டது. மீதி தூரம் முழுவதும் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு ரயிலும் போயிற்று.

கையில் இருக்க வேண்டியவை: டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் கழற்றும் நெம்புகோல், சின்னப் பம்பு, ஆறுமுகச் சாவித் தொகுப்பு, செயின் இணைப்பு ஒன்று, கொஞ்சம் செயின் எண்ணெய், நாலைந்து பிளாஸ்டிக் கட்டு நாடா. பின்சக்கரத்தை நீங்களே கழற்றி, டியூப் மாற்றி, திரும்ப மாட்டத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் மூன்று முறை செய்து பழகுங்கள். யூடியூபில் பார்த்தது மட்டும் போதாது, கை பழக வேண்டும்.

சுமை

மொத்தம் எட்டு கிலோவைத் தாண்டாதீர்கள். முதுகில் பை வேண்டவே வேண்டாம். வியர்வையில் முதுகு வெந்துவிடும், கழுத்தும் பிடித்துக்கொள்ளும். கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகள் நல்லவை. கனமான சாமான்கள் அடியில், இரண்டு பக்கமும் சமமாக. மழை வராத மாதம்தானே என்று விட்டுவிடாமல், துணிகளை முதலில் தடித்த பாலித்தீன் உறையில் போட்டுக் கட்டி, அப்புறம் பையில் வையுங்கள்.

ஓட்டும்போது போட இரண்டு செட், இரவுக்கு ஒரு செட் போதும். லாட்ஜில் துவைத்துக் காயப்போட்டுக்கொள்ளலாம். குளிருக்கு ஒரு ஸ்வெட்டரும் காற்று புகாத மேல்சட்டையும் கட்டாயம். மேட்டுப்பாளையத்துக்கும் கோத்தகிரிக்கும் வெப்பநிலையில் ஒன்பது, பத்து டிகிரி வித்தியாசம் இருக்கும். தலைக்கவசம், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு. பகலிலும் பின்விளக்கு எரியட்டும்.

எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இரண்டு வாங்கிவிடுங்கள். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் தடை. கோத்தகிரி பாதையில் குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். சைக்கிள்காரர்தானே என்று விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்தக் காட்டில் யானை தின்னும் புல்லோடு பிளாஸ்டிக்கும் போகிறது. நாம் கொண்டுபோகாமல் இருப்பதுதான் மரியாதை.

ஒரு மாதப் பழக்கம்

வாரநாளில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் 30, 40, 50, 60 என்று நான்கு வாரம். கடைசி இரண்டு ஞாயிறும் பையைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். சுமை ஏற்றிய வண்டி வளைவில் வேறு மாதிரி நடந்துகொள்ளும், பிரேக் பிடித்தால் நிற்கவும் கூடுதல் தூரம் எடுக்கும்.

ஏற்றப் பழக்கத்துக்கு ஈரோட்டுக்காரர்களுக்குச் சென்னிமலை இருக்கிறது, கோவைக்காரர்களுக்கு மருதமலை. சென்னையில் இருந்தால் மேம்பாலத்தைத்தான் பத்து முறை ஏறி இறங்க வேண்டும். ஏறும்போது பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள். மூச்சு வாங்கி வார்த்தை உடைந்தால் கியரைக் குறையுங்கள். கிளம்பும் இடத்திலிருந்து உச்சி வரை இதே விதிதான்.

மேட்டூருக்குப் போய்ச் சேர்வது

ரயிலில் வருகிறவர்கள் சேலத்தில் இறங்குவது நல்லது. பெரிய நிலையம், ரயில் சில நிமிடம் நிற்கும். சைக்கிளை உங்கள் டிக்கெட்டோடு பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் முன்னதாகவே போங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, கியர் இருக்கும் பக்கத்துக்கு அட்டை சுற்றி, பெயரும் போன் நம்பரும் இறங்கும் நிலையமும் கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டுங்கள். சேலத்திலிருந்து மேட்டூருக்கு ஒரு குட்டியானை (சின்னச் சரக்கு வண்டி) பிடித்துக்கொண்டால் அன்று சாயங்காலமே அணைக்கட்டுப் பூங்காவில் உட்கார்ந்துவிடலாம். 1934-இல் கட்டி முடித்த அணை. 120 அடி நிறைந்திருக்கும் நாளில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அணைக்கு எதிரே மீன் வறுத்து விற்கிறார்கள். சாப்பிடுங்கள், சீக்கிரம் படுங்கள்.

முதல் நாள்: மேட்டூரிலிருந்து பவானி

சுமார் 45 கிலோமீட்டர். வேண்டுமென்றேதான் குறைவாக வைத்திருக்கிறேன். காலையில் ஆறரைக்குக் கிளம்புங்கள். பவானிக்குப் போகும் நெடுஞ்சாலையில் லாரிகள் உண்டு, இடது ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் பாலமலை கூடவே வரும். இடப்பக்கம் காவிரி தென்படுவதும் மறைவதுமாக இருக்கும். இந்த இடத்துக் காவிரி ஓடுகிற ஆறு மாதிரி இருக்காது, நீண்ட ஏரி மாதிரி நிற்கும். மின்சாரம் எடுப்பதற்காக வரிசையாகக் கதவணைகள் கட்டித் தேக்கியிருக்கிறார்கள்.

நெரிஞ்சிப்பேட்டையில் நிறுத்துங்கள். எதிர்க்கரையில் தெரிவது பூலாம்பட்டி. நடுவே படகு ஓடுகிறது, இருசக்கர வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகிறது. ஈரோடு மாவட்டத்தில் ஏறி சேலம் மாவட்டத்தில் இறங்கலாம். தென்னையும் மலையும் அகண்ட தண்ணீரும் சேர்ந்து அதற்குக் குட்டிக் கேரளா என்று பெயர். அங்கே மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்பப் படகேறி வந்துவிடுங்கள். அணையில் தண்ணீர் நிறையத் திறந்திருந்தால் படகு ஓடாது.

குளிக்க ஆசை வரும். கதவணைகளுக்குப் பக்கத்தில் இறங்காதீர்கள். மேலே கதவைத் திறந்தால் நீர்மட்டம் கேட்டுக்கொண்டு ஏறாது. ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில், அவர்கள் இருக்கும்போது மட்டும் இறங்குங்கள்.

பவானியில் கூடுதுறைக்குப் பக்கத்திலேயே தங்க லாட்ஜ்கள் உண்டு. சங்கமேசுவரர் கோயில் படித்துறையில் சாயங்காலம் உட்கார்ந்தால் இரண்டு ஆறும் சேர்வதைப் பார்க்கலாம். நாளைக்கு நாம் எதிர்த்துப் போகப்போவது அந்தச் சின்ன ஆற்றைத்தான். இங்கிருந்துதான் காலிங்கராயன் வாய்க்கால் பிரிகிறது. 13-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. இன்றைக்கும் அதில் பாசனம் நடக்கிறது. ஜமக்காளம் வாங்க வேண்டும் என்று தோன்றினால் கூரியரில் அனுப்பச் சொல்லுங்கள், வண்டியில் ஏற்றாதீர்கள்.

லாட்ஜில் அறை எடுக்கும்போதே "சைக்கிளை உள்ளே வைக்க இடம் இருக்குங்களா?" என்று கேட்டுவிடுங்கள். கீழ்த்தளத்தில் அறை கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். எந்த ஊரிலும் இரவு வெளியே விடாதீர்கள்.

இரண்டாம் நாள்: பவானியிலிருந்து சத்தியமங்கலம்

கவுந்தப்பாடி, கோபி வழியே 60 கிலோமீட்டருக்குக் கிட்ட வரும். தரை மெல்ல மெல்ல உயரும், ஆனால் கால் அதை உணராது. கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரைக்குப் பேர் போன ஊர். பழனி பஞ்சாமிர்தத்துக்கு இங்கிருந்துதான் சர்க்கரை போகிறது. தை மாதத்தில் ஆலைக்கொட்டகைகளில் பாகு காய்ச்சும் வாசனை ரோடு வரைக்கும் வரும். ஒரு கொட்டகையில் நிறுத்தி, கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். கால் கிலோ வெல்லம் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று நாளைக்கு அதுதான் உங்கள் பெட்ரோல்.

சாப்பாட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பசித்த பிறகு சாப்பிடுவது சைக்கிளில் தாமதம். முக்கால் மணிக்கு ஒருமுறை ஏதாவது வாயில் போட வேண்டும்: கடலை மிட்டாய், எள்ளுருண்டை, வாழைப்பழம், வெல்லத்துண்டு. தண்ணீர் ஒரு மணிக்கு அரை லிட்டர். வெறும் தண்ணீரே குடித்துக்கொண்டிருந்தால் சாயங்காலம் தலை வலிக்கும். உப்புப் போட்ட மோர், கம்மங்கூழ், இளநீர் என்று மாற்றிக் குடியுங்கள். மத்தியானம் பிரியாணிக்கடை கூப்பிடும். அதை இரவுக்கு வைத்துக்கொண்டு, மதியத்துக்கு அரிசிம்பருப்பு சாதமோ தயிர்ச்சாதமோ அளவாகச் சாப்பிடுங்கள்.

கோபியைத் தாண்டினால் இரண்டு பக்கமும் வயல், தென்னை, வாய்க்கால். சினிமாக்காரர்கள் ஏன் இத்தனை வருடமாக இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள் என்பது ஓட்டிப் பார்த்தால் புரியும். கொடிவேரிப் பிரிவில் திரும்பி அணைக்குப் போங்கள். கொடிவேரி உயரமான அணை இல்லை. பவானி ஆறு முழு அகலத்துக்கும் படிபோல வழிந்து விழும். குளிக்க ஒதுக்கிய இடத்தில் தாராளமாகக் குளிக்கலாம். வெள்ளம் வந்தால் மூடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும், ஆகவே இந்த நாள் வாரநாளாக அமையும்படி பயணத்தைத் தொடங்குங்கள்.

சத்தியை நெருங்கும்போது வடக்கே மலைத்தொடர் எழுந்து நிற்கும். அதுதான் திம்பம் பக்கம். பண்ணாரி வரை போய் அம்மனைக் கும்பிட்டு வரலாமே என்று தோன்றினால் பேருந்தில் போய் வாருங்கள்.

மூன்றாம் நாள்: சத்தியிலிருந்து மேட்டுப்பாளையம்

ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேலே. தூரம் சுலபம், ஆனால் ஐந்து நாளில் அதிகக் கவனம் வேண்டியது இன்றைக்குத்தான். காட்டின் ஓரமாகப் போகிறோம்.

பவானிசாகர் அணை சத்தியிலிருந்து ஒரு மணி நேரம். 1955-இல் முடித்த மண் அணை, எட்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். மோயாறும் பவானியும் சேரும் இடத்தில் கட்டியது. கீழ்பவானி வாய்க்கால் இங்கிருந்துதான் புறப்பட்டு 200 கிலோமீட்டர் போகிறது. நேற்று முழுவதும் நீங்கள் பார்த்த பச்சைக்கு இந்த அணையும் கொடிவேரியும்தான் காரணம். நீர்த்தேக்கத்தின் ஓரங்களுக்குத் தண்ணீர் குடிக்க யானைகள் வரும். தண்ணீரில் முதலைகளும் உண்டு. ஆகவே கரையில் இறங்கிக் கால் நனைக்க வேண்டாம்.

காட்டோரச் சாலைக்கு ஒரே விதி: காலை எட்டுக்கு முன் நுழையாதீர்கள், மாலை நான்குக்குள் வெளியே வந்துவிடுங்கள். சத்தியில் நிதானமாக இட்லி சாப்பிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும். டீக்கடையில் "முன்னால ஆனை ஏதும் நிக்குதுங்களா?" என்று கேளுங்கள். காலையில் அந்தப் பக்கமிருந்து வந்த பால்காரரும் பஸ் டிரைவரும் சொல்லியிருப்பார்கள். மேப்பைவிட அந்தச் சேதிக்கு மதிப்பு அதிகம்.

மேப் சில இடங்களில் காட்டுக்குள் குறுக்குவழி காட்டும். நம்பி நுழையாதீர்கள். காட்டுக்குள் இருக்கும் தெங்குமரஹாடா கிராமத்துப் பக்கம் போக வனத்துறை அனுமதி வேண்டும். தார்ச்சாலையைவிட்டு இறங்காமல் சிறுமுகை வழியே போங்கள்.

யானையைப் பார்த்தால் என்ன செய்வது? தூரத்திலேயே நின்றுவிடுங்கள். மணி அடிக்காதீர்கள், கத்தாதீர்கள், போனை எடுக்காதீர்கள். மெதுவாக வண்டியைத் திருப்பி நூறு, இருநூறு மீட்டர் பின்னால் வந்து, பஸ்ஸோ லாரியோ வரும்வரை காத்திருங்கள். ஓரமாக வேகமாகத் தாண்டிவிடலாம் என்ற கணக்கு மட்டும் கூடவே கூடாது. யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும். சுமையோடு, மேட்டில், நீங்கள் எட்டில் போவீர்கள். பலாப்பழம், கரும்பு, வாழைத்தார் எதையும் வெளியே தெரியக் கட்டாதீர்கள்.

எனக்கு ஒருமுறை இந்தப் பாதையில் இருட்டிவிட்டது. காலையில் தாமதமாகக் கிளம்பி, வழியில் இரண்டு பஞ்சர். ஆறரை மணிக்கு இன்னும் காட்டோரத்தில் மிதித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்த ஒரு பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, "இந்நேரத்துல எங்க போறீங்க தம்பி? முன்னால குட்டியோட நிக்குது, வண்டியத் தூக்கி உள்ள வைங்க" என்றார். வந்த வழியே அவரோடு திரும்பிப்போய் ஒரு ஊரில் தங்கினேன். அந்தக் குரல் இல்லாவிட்டால் அந்த வளைவைத் திரும்பியிருப்பேன். நான்கு மணிக் கணக்கு அன்று கற்றுக்கொண்டது.

நாய்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்து நாய்கள் துரத்தும். மிதித்துத் தப்பிக்கப் பார்த்தால் இன்னும் துரத்தும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, நாலு அடி நடங்கள். பெரும்பாலும் நின்றுவிடும்.

மேட்டுப்பாளையத்தில் ஆற்றில் இறங்க வேண்டாம். மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் திடீரென்று வெள்ளம் வரும். எச்சரிக்கைப் பலகைகள் சும்மா வைத்ததில்லை. சாயங்காலத்தை வண்டிக்குக் கொடுங்கள்: செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள், பிரேக் கட்டை, டயரில் முள் அல்லது கண்ணாடித் துண்டு, கேரியர் திருகு எல்லாவற்றையும் பாருங்கள். ஏதாவது வாங்க வேண்டியிருந்தால் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

நான்காம் நாள்: கோத்தகிரி ஏற்றம்

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். கோத்தகிரி சுமார் 1,800. நடுவே 33 கிலோமீட்டர். சராசரியாக நூறு மீட்டருக்கு நாலரை மீட்டர் ஏறுகிறீர்கள். கேட்கப் பயமாக இருந்தாலும், மலைப்பாதைகளில் இது நிதானமானது. குன்னூர் சாலையைவிட வண்டிகளும் குறைவு. அதனால்தான் கோவைப் பக்கத்து சைக்கிள்காரர்கள் முதல் பெரிய ஏற்றத்துக்கு இதைச் சொல்கிறார்கள்.

காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். மணிக்கு ஆறிலிருந்து எட்டு கிலோமீட்டர் வேகம், நடுவே ஓய்வு. மதியம் ஒன்று, இரண்டுக்குள் மேலே போய்விடலாம். முதல் ஐந்து கிலோமீட்டரில் காலில் தெம்பு இருக்கும். அந்தத் தெம்பில் வேகமாக மிதித்துவிடாதீர்கள். கியரை முன்கூட்டியே இறக்குங்கள். மேடு வந்து, பெடல் இறுகிய பிறகு கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடும். உட்கார்ந்தே மிதியுங்கள், தோளைத் தளரவிடுங்கள். கொண்டை ஊசி வளைவின் உட்புறம்தான் செங்குத்தாக இருக்கும். இடவளைவில் முடிந்தவரை தார் ஓரத்தைவிட்டுக் கொஞ்சம் வெளியே தள்ளி ஓட்டினால் மூச்சு மிச்சம். ஆனால் பின்னால் பஸ் சத்தம் கேட்டால் உடனே ஓரம்.

முடியவில்லை என்றால் இறங்கித் தள்ளுங்கள். தள்ளுவதும் பயணம்தான். நூறு மிதி மிதித்து நிற்பதும், அடுத்த வளைவு வரை போய் நிற்பதும் எல்லாம் சரியே. பத்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள், வியர்வை குளிர்ந்து கால் இறுகிவிடும்.

குஞ்சப்பனைப் பக்கம் காடு நெருக்கமாக இருக்கும். பலாப்பழம் பழுக்கும் மாதங்களில் யானைகள் அங்கே இறங்கும். டிசம்பர், ஜனவரியில் அவ்வளவு இல்லை என்றாலும், சாவடியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே நகருங்கள். முள்ளூர், தட்டப்பள்ளம் தாண்டினால் காடு விலகித் தேயிலை தொடங்கும். காற்றின் வாசனை மாறும். அரவேனு வந்துவிட்டால் ஏற்றம் முடிந்த மாதிரிதான். ஒரு கடையில் உட்கார்ந்து சூடாக டீயும் வர்க்கியும் சாப்பிடுங்கள். அந்த டீயின் ருசி வீட்டில் வராது.

சாயங்காலம் உடம்பில் தெம்பிருந்தால் கன்னேரிமுக்கு வரை நடந்துபோய் சல்லிவன் நினைவகத்தைப் பார்க்கலாம். 1819-இல் இந்த மலைக்கு வந்த கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வாழ்ந்த வீடு அது. தெம்பில்லை என்றால் படுத்துவிடுங்கள். வார இறுதியில் கோத்தகிரியில் அறை கிடைப்பது கடினம், முன்பே சொல்லிவையுங்கள்.

ஐந்தாம் நாள்: கோடநாடு, அப்புறம் இறக்கம்

பைகளை லாட்ஜிலேயே விட்டுவிட்டு, வெறும் வண்டியில் கோடநாடு காட்சிமுனைக்குப் போங்கள். ஒரு பக்கத்துக்கு 18 கிலோமீட்டர் வரும், ஏற்றமும் இறக்கமுமாகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே. சுமை இல்லாத வண்டி இறகு மாதிரிப் போகும். முனையிலிருந்து கீழே பார்த்தால் மோயாற்றுப் பள்ளத்தாக்கு, அதில் தெங்குமரஹாடா, ஒற்றையாக நிற்கும் ரங்கசாமி பாறைத்தூண். கிழக்கே, பனி விலகியிருந்தால், பவானிசாகர் நீர்த்தேக்கம் தகடு மாதிரித் தெரியும். முந்தாநாள் நீங்கள் அதன் கரையோரமாக மிதித்தீர்கள். நான் ஒவ்வொரு முறையும் அங்கே ரொம்ப நேரம் நின்றுவிடுகிறேன். நீங்களும் நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

மதியம் இறங்க வேண்டும். ஏற்றத்தில் விழுந்தவர் குறைவு, இறக்கத்தில் விழுந்தவர் அதிகம். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராதீர்கள், சக்கர விளிம்பு கொதித்துவிடும். இரண்டையும் பிடித்து வேகத்தை நன்றாகக் குறைத்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும், வளைவுக்குள் பிரேக் பிடிக்கக் கூடாது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று விளிம்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள், ஆறவிடுங்கள். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டத் தேவையே இல்லை. மேலே ஏறும் வண்டிக்குத்தான் மலையில் முதலிடம். எதிரே பஸ் வளைவில் திரும்பினால் முழுச் சாலையும் அதற்கு வேண்டும், நின்று வழிவிடுங்கள். குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க வராது.

மாலை ஐந்துக்குள் மேட்டுப்பாளையம். சென்னைக்குப் போகிறவர்களுக்கு இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் இங்கிருந்தே புறப்படுகிறது. புறப்படும் நிலையம் என்பதால் சைக்கிளை ஏற்ற அவசரம் இல்லை. ஆனாலும் பார்சல் அலுவலகம் எத்தனை மணி வரை பதிவு செய்யும் என்று மூன்றாம் நாள் சாயங்காலமே, இந்த ஊரில் தங்கும்போது, ஒரு நடை போய்க் கேட்டுவைத்துவிடுங்கள். மற்றவர்கள் கோவைக்கு ரயிலேறலாம். ஈரோட்டுக்காரர்களுக்குக் கால் இன்னும் கேட்டால், மறுநாள் காலை எட்டு மணிக்கு மேல், அதே ஆற்றோரமாகத் திரும்பி ஓட்டலாம்.